மூளை அறிவியலும் பனியன் கம்பெனியும்: ஒரு பழைய வாத்தியாரின் ஆதங்கம்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். முப்பத்து மூன்று வருடம் நான் உங்களைத் திட்டியிருக்கிறேன், கணக்கு நேராகட்டும்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். "சார், எங்க சூப்பர்வைசர், மேனேஜர் எல்லாருக்கும் மூளை அறிவியல் வழியா தலைமைப் பண்பு பயிற்சி வெச்சிருக்கறேனுங்க. நீங்க சயின்ஸ் வாத்தியார், வந்து குத்துவிளக்கு ஏத்தணும்" என்றார். சந்தோஷமாகப் போனேன். அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டல், ஏ.சி. ஹால், பொன்னாடை, ஒரு கவர்.

வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் திரையில் வண்ண வண்ணமாக ஒரு மூளைப் படத்தைக் காட்டினார். மூளைக்கு மூன்று அடுக்கு, அடியில் பல்லி மூளை, நடுவில் மிருக மூளை, மேலே மனித மூளை என்றார். "லைனில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி பெரும்பாலும் பல்லி மூளையில்தான் இயங்குவார். நீங்கள் மனித மூளையால் அவரை இயக்க வேண்டும்" என்றார். முதுகில் தட்டிப் பாராட்டினால் டோபமைன் சுரக்குமாம். "அதுதான் செலவில்லாத போனஸ்" என்று அவர் சொன்னதும் ஹாலே கைதட்டியது.

நான் மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இந்தப் பதிவு முதலில் அதற்கான மன்னிப்பு.

அன்று சாயந்திரம் பஸ் நிறுத்தத்தில் இன்னொரு பழைய மாணவியைப் பார்த்தேன். அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஞாயிற்றுக்கிழமையாச்சே, எங்கே கண்ணு போய்ட்டு வர்றே என்றேன். "வேலைக்குத்தானுங்க சார். மேனேஜருங்க எல்லாம் ஏதோ மூளை கிளாஸுக்குப் போய்ட்டாங்க, ஷிப்மெண்ட் நிக்குதுன்னு எங்களை வரச் சொல்லிட்டாங்க" என்றாள். சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்றேன். ரெண்டு வாரம் பாக்கி என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த மாணவரிடம் மறுநாளே போனில் பேசிவிட்டேன். "எழுதுங்க சார், ஆனா பேரு மட்டும் வேண்டாம்" என்றார். பெயர் எழுத மாட்டேன். இது ஒருவருடைய கதையும் இல்லை, ஊருக்கே பொதுவான கதை.

முதலில் அறிவியலைப் பார்த்துவிடுவோம்.

பல்லி மூளைக் கதை பால் மெக்லீன் என்ற அமெரிக்கர் 1960களில் சொன்ன கருத்து. மூளை பரிணாமத்தில் அப்படி அடுக்கடுக்காக, பழைய வீட்டின் மேல் மாடி கட்டுவது போல வளரவில்லை என்று மூளை ஆய்வாளர்கள் அதை எப்போதோ ஒதுக்கிவிட்டார்கள். பல்லிக்கு இருப்பது பல்லியின் மூளை. டெய்லருக்கு இருப்பது முழுசாக ஒரு மனித மூளை. ஒரு நிமிஷத்தில் எத்தனை பீஸ், எந்தத் துணி இழுக்கும், எந்த நூல் அறுகும் என்று கண்ணும் கையும் சேர்ந்து கணக்குப் போடும் மூளை அது. மேனேஜருக்கு ஒரு மாடி அதிகம் கட்டியிருக்கவில்லை.

பிறகு ஏன் இவ்வளவு படித்தவர்கள் நம்புகிறார்கள்? அதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. 2008இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சில விளக்கங்களைக் கொடுத்து, நல்ல விளக்கமா மோசமான விளக்கமா என்று கேட்டார்கள். மோசமான விளக்கத்தில் சம்பந்தமே இல்லாமல் மூளையைப் பற்றி ஒரு வரி சேர்த்ததும், சாதாரண மக்களுக்கு அது திருப்தியாகத் தெரிந்தது. மூளை அறிவியல் பாடம் எடுத்த மாணவர்கள்கூட ஏமாந்தார்கள். அந்தத் துறை வல்லுநர்கள் மட்டும்தான் ஏமாறவில்லை. ஆக, மூளைப் படம் போட்டால் சரக்கு விற்கும். அன்று அந்த ஹாலிலும் அதுதான் விற்றது.

"அப்போ மூளை அறிவியலே பொய்யா சார்?" என்று கேட்பீர்கள். இல்லை. நல்ல அறிவியல் இருக்கிறது, அதில் சிலவற்றை நம் மண்ணிலேயே செய்திருக்கிறார்கள். ஆனால் அதைச் சொன்னால் முதலாளிக்குச் செலவாகும். அதனால்தான் ஏ.சி. ஹாலில் யாரும் சொல்வதில்லை.

ஒன்று. 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன் கை காய்ந்திருக்கும்போது ஒரு தடவையும், அறுவடைப் பணம் வந்தபின் ஒரு தடவையும் அதே ஆட்களுக்குப் புத்திக்கூர்மைச் சோதனை வைத்தார்கள். பணம் இல்லாத நாளில் மதிப்பெண் குறைந்தது, வந்தபின் ஏறியது. ஆளும் அவரேதான், மூளையும் அதேதான். கடன் கவலை மூளையின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது, மிச்சத்தை வைத்துத்தான் அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு. ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு. பீஸ் ரேட் வேலை, நம் ஊர் மாதிரியே. சிலருக்குச் சேர வேண்டிய கூலியில் ஒரு பகுதியை முன்னதாகவே கொடுத்தார்கள். கூடுதல் கூலி ஒரு பைசா இல்லை, நாள் மட்டும்தான் முன்னே வந்தது. வேகம் கூடியது, கவனக்குறைவான தவறுகள் குறைந்தன. மிகவும் கஷ்டத்தில் இருந்தவர்களிடம்தான் மாற்றம் அதிகம். ஒடிசாவிலிருந்து வந்து நம் ஊர்க் காம்பவுண்டு வீடுகளில் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் பையன்களை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். செக்கிங்கில் ரிஜெக்ட் பீஸ் ஏறுகிறதே என்று கத்துகிற முதலாளி, முதலில் சம்பளப் பாக்கி எத்தனை வாரம் என்று பார்க்கட்டும்.

மூன்று. சென்னையில் 452 பேரின் கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். சராசரியாக எட்டு மணி நேரம் படுக்கையில் கிடக்கிறார்கள், ஆனால் தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, சத்தம். இரவுத் தூக்கத்தை அரை மணி அளவுக்குக் கூட்டிப் பார்த்தார்கள், வேலையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. உடைந்து உடைந்து வரும் தூக்கத்தைக் கொஞ்சம் நீட்டி என்ன பயன்? ஆனால் மத்தியானம் வேலையிடத்தில் அமைதியாக அரை மணி நேரம் தூங்கவிட்டபோது கவனமும் வேலைத் திறனும் மனநிலையும் மேம்பட்டன. நேர்மையாக இதையும் சொல்கிறேன்: அந்த அரை மணி நேரமும் இடைவிடாமல் உழைத்தவர்களை விட, தூங்கியவர்கள் சம்பாதித்தது குறைவு. சும்மா ஓய்வெடுத்தவர்களை விட அதிகம். ஓசியில் எதுவும் வராது. ஆனால் சாயந்திரம் ஆறு மணிக்கு ஊசி விரலில் ஏறுவதற்கு விலை எவ்வளவு என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதுவதில்லை.

நான்கு. பெங்களூர்ப் பக்கம் கார்மெண்ட்ஸ் ஆலைகளில் கரண்ட் செலவைக் குறைக்க எல்.ஈ.டி. விளக்கு மாட்டினார்கள். பழைய விளக்கு கக்கிய சூடு குறைந்தது. வெயில் கொளுத்தும் நாட்களில் விழும் உற்பத்தி அந்த அளவு விழவில்லை. மூளை சதையால் ஆனது. சூடேறினால் சோர்ந்துவிடும். தகரக் கூரையின் கீழே அதற்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுத்துப் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு, இது நான் பாடம் நடத்தியதே. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் யோசிக்க, திட்டமிட, தவறைக் கண்டுபிடிக்க உதவுகிறது. தன் கட்டுப்பாட்டில் இல்லாத பயமும் அவமானமும் வரும்போது முதலில் மங்குவது அந்தப் பகுதிதான். "ஏய், கண்ணு அவிஞ்சு போச்சா" என்று நாற்பது பேர் முன்னால் ஒரு பெண்ணைக் கேட்ட பிறகு அவளிடமிருந்து தரம் எதிர்பார்ப்பது, விளக்கை அணைத்துவிட்டு ஊசியில் நூல் கோர்க்கச் சொல்வது மாதிரி.

இதையெல்லாம் உபதேசமாகச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அதையும் எழுதிவிடுகிறேன்.

1984. பஞ்சப்படி கேட்டு நம் ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நான் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். ஆறாம் வகுப்பு. இரண்டாவது பெஞ்சில் ஒரு பையன் தினமும் தூங்கி விழுவான். ஒரு நாள் எழுப்பி, இதயத்தில் எத்தனை அறை என்று கேட்டேன். முழித்தான். அறைந்தேன். மத்தியானம் இன்னொரு பையன் வந்து காதில் சொன்னான்: "சார், அவங்கப்பாவுக்கு மூணு மாசமா வேலையில்லீங்க. அவன் நேத்திலிருந்து சாப்பிடலீங்க." இதயத்துக்கு நான்கு அறை என்று தெரிந்த எனக்கு, எதிரே இருந்த ஒரு வயிறு காலி என்று தெரியவில்லை. அவனுக்கு அன்று என் டிபனைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, வாத்தியார் கௌரவம். அவன் இப்போது கட்டிங் மாஸ்டர், பேரன் எடுத்துவிட்டான். இந்தப் பதிவைப் படிப்பான் என்று நினைக்கிறேன். தம்பி, மன்னித்துக்கொள்.

அன்று எனக்கும் அதிகாரம் இருந்தது, கோபம் இருந்தது, நல்ல எண்ணமும் இருந்தது. எதிரே இருப்பவன் ஏன் இப்படி இருக்கிறான் என்று கேட்கும் பழக்கம் மட்டும் இல்லை. அதைக் கற்றுக்கொடுக்காத பயிற்சி, மூளைப் படம் போட்டாலும் சரி, முருகன் படம் போட்டாலும் சரி, வீண்.

இப்போது முதலாளி மாணவர்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "சார், உங்களுக்கு மாசம் பிறந்தா பென்ஷன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்போ நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? பையர் விலையைக் குறைக்கறான், நூல் விலை ஏறுது, பேமெண்ட் தள்ளிப்போகுது." தெரியும். ராத்திரி உங்களுக்கும் தூக்கமில்லை என்றும் தெரியும். அந்த ஆய்வுகள் உங்கள் மூளைக்கும் பொருந்தும். பணக் கவலையில் நீங்கள் எடுக்கிற முடிவும் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம். பையர் உங்களுக்குத் தாமதமாகக் கொடுத்தால் வங்கி இருக்கிறது, மச்சான் இருக்கிறார், இடம் இருக்கிறது. நீங்கள் தாமதித்தால் அவளுக்குக் கந்துவட்டிக்காரன்தான் இருக்கிறான். கையில் காசில்லாத நாளிலும் பயிற்சியாளருக்கு எப்படியோ காசு இருந்ததே, அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்த ஊரின் பெருமையே, நேற்று மெஷினில் உட்கார்ந்தவர் இன்று முதலாளி என்பதுதான். உங்களில் எத்தனை பேருடைய அப்பா கைமடித்தவர், சிங்கர் மிதித்தவர் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பல்லி மூளையா இருந்தது?

ஆகவே, கட்டணம் வாங்காமல் ஒரு பயிற்சி தருகிறேன். சனிக்கிழமைச் சம்பளத்தைச் சனிக்கிழமையே கொடுங்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி கொடுங்கள், 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்ததுதான். காத்தாடியும் குடிதண்ணீரும் கக்கூஸும் சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை நீங்களே நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாக விடுங்கள். கத்துகிற சூப்பர்வைசருக்கு வகுப்பு எடுப்பதை விட, அவன் கத்தினால் தொழிலாளி பயமில்லாமல் சொல்ல ஒரு வழி வையுங்கள்.

கடைசியாகச் சொன்னது கற்பனை இல்லை. 2021இல் திண்டுக்கல் பக்கம் ஒரு ஆடை ஆலைத் தொழிலாளிப் பெண் கொலையானதற்குப் பிறகு, 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண்கள் தலைமையேற்று நடத்தும் ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் போராடிப் பெற்றது அது. தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று, தங்கள் தளத்தில் நடக்கும் தொல்லைகளைக் கண்காணித்து முறையிடும் ஏற்பாடு அதில் இருக்கிறது. யாருடைய மூளையையும் படம் எடுக்கவில்லை. வாயைத் திறக்க இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

மாணவரே, அந்தக் கவரை இன்னும் பிரிக்கவில்லை. எனக்கு வேண்டாம். வருகிற சனிக்கிழமை சாயந்திரம், சம்பளம் போடும் நேரத்துக்கு உங்கள் கம்பெனிக்கு வருகிறேன். கவரைக் கையோடு கொண்டுவருகிறேன். அந்த ஓவர்லாக் பெண்ணின் பாக்கியில் வரவு வைத்து, மீதியையும் அன்றே கொடுத்துவிடுங்கள். பிறகு கேண்டீனில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், சர்க்கரை இல்லாமல். பொன்னாடை வேண்டாம்.

மற்றவர்கள் உங்கள் கம்பெனியில் எப்படி என்று கீழே எழுதுங்கள். பேர் சொல்ல வேண்டாம், வேலை போய்விடும். அந்தப் பயம் இருக்கிறவரை இந்த ஊரில் எந்த மூளையும் முழுசாக வேலை செய்யாது.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார்