புழுவின் முதுமையும் நமது சர்க்கரையும்: ஆய்வுச் செய்திகளை எவ்வாறு புரிந்துகொள்வது?

சர்க்கரை உண்ட புழுக்கள் விரைவில் முதுமையடைந்து மடிந்தன என்னும் செய்தியைக் கைப்பேசியில் நீங்களும் கண்டிருக்கலாம். அண்மையில் புறநோயாளிப் பிரிவுக்கு வந்த முதியவர் ஒருவர், அத்தகைய செய்தியின் அடியில் விளம்பரப்படுத்தப்பட்டிருந்த மாத்திரைக் குப்பி ஒன்றை என் மேசைமேல் வைத்தார். "இதைச் சாப்பிட்டால் மற்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா, டாக்டர்?" என்று கேட்டார். நிறுத்தக் கூடாது. ஏன் என்பதை விளக்கச் சற்று இடம் வேண்டும்.

ஆய்வகங்களில் வளர்க்கப்படும் இப்புழுவின் பெயர் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். மண்ணில் வாழும் உருளைப்புழு. நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஆயுள் இரண்டு முதல் மூன்று வாரங்கள். இதன் உடலில் 959 செல்கள் உள்ளன. அவற்றுள் 302 நரம்புச் செல்கள். உடல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக்கூடியது. எனவே மனிதரில் பல்லாண்டுகள் காத்திருந்து அறிய வேண்டியதை இதில் ஒரு மாதத்துக்குள் காண இயலும். 1993ஆம் ஆண்டில் சிந்தியா கென்யன் குழுவினர், ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் இப்புழுவின் ஆயுளை இரட்டிப்பாக்குவதைக் கண்டறிந்தனர். அந்த மரபணு, மனிதரின் இன்சுலின் ஏற்பிக்கு ஒப்பான புரதத்தை உருவாக்குவது. 2009ஆம் ஆண்டில் அதே குழுவினர், புழுக்கள் வளரும் ஊடகத்தில் 2 சதவீதம் குளுக்கோஸ் சேர்த்தபோது ஆயுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைப் பதிவு செய்தனர்.

இச்சேதம் நிகழும் வழிகளுள் ஒன்றை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள், பெயர்தான் புதிது. இரத்தத்தில் மிகுந்துள்ள சர்க்கரை புரதங்களின்மேல் ஒட்டிக்கொள்கிறது. இதற்குக் கிளைக்கேஷன் என்று பெயர். மூன்று மாதச் சராசரியை அறிய நீங்கள் செய்துகொள்ளும் எச்பிஏ1சி பரிசோதனை, இவ்வாறு சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினின் அளவேயாகும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்களில் அழிந்து புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் கண்ணின் வில்லை, இரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் அவ்வளவு விரைவில் புதுப்பிக்கப்படுவதில்லை. அங்கே ஒட்டியது நாளடைவில் கெட்டிப்பட்டு நிலைத்துவிடுகிறது.

குளுக்கோஸ் செல்லுக்குள் எரியும்போது மெத்தில்கிளையாக்சால் என்னும் துணைப்பொருளும் தோன்றுகிறது. இது குளுக்கோஸைவிடப் பன்மடங்கு விரைவாகப் புரதங்களைத் தாக்கும். இதை நீக்க மனிதருக்கும் புழுவுக்கும் ஒரே வகை நொதி உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள பக் ஆய்வு நிறுவனத்தினர் அந்நொதி இல்லாத புழுக்களை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அப்புழுக்கள் முதலில் தொடுதலுக்கு அளவுமீறித் துடித்தன, பின்னர் நரம்புகள் சிதைந்தன, ஆயுளும் குறைந்தது. முதலில் பாத எரிச்சல், பிறகு மரத்துப்போதல் என்று நீரிழிவு நரம்புப் பாதிப்புள்ளோர் கூறும் வரிசையை இது எனக்கு நினைவூட்டுகிறது. ஆல்பா லிப்போயிக் அமிலம் அப்புழுக்களின் பாதிப்பைக் குறைத்தது. பின்னாளில் அதனுடன் நிக்கோட்டினமைடு, தயமின், பிரிடாக்சமின், மிளகிலுள்ள பைப்பரின் ஆகியவற்றைச் சேர்த்த கலவை, எலிகளின் உணவு உட்கொள்ளலைக் குறைத்து இன்சுலின் செயல்பாட்டையும் மேம்படுத்தியது. விளம்பரங்கள் பற்றிக்கொள்வது இந்தப் பட்டியலைத்தான்.

ஆனால் புழுவுக்குக் கணையம் இல்லை, இரத்த ஓட்டம் இல்லை. அது உண்ணும் பாக்டீரியாவும் அதே குளுக்கோஸை உட்கொண்டு மாறுபடுகிறது. விலங்கில் பயன் தந்தது மனிதரில் தவறிய முன்னுதாரணமும் உண்டு: கிளைக்கேஷனைத் தடுக்கும் அமினோகுவானிடின் எலிகளில் பெரும் நம்பிக்கை அளித்தது, மனிதரிடையே நடந்த பெரிய சோதனைகளில் போதிய பயன் நிறுவப்படாததால் அது மருந்தாக வரவில்லை.

துணை மாத்திரைகள் தீங்கற்றவை என்றும் கருத வேண்டாம். வைட்டமின் பி6 மாத்திரையை அதிக அளவில் நீண்டகாலம் உட்கொண்டால் அதுவே நரம்பைப் பாதிக்கும். பைப்பரின் செறிவு, வலிப்புக்குத் தரப்படும் பெனிட்டாயின் போன்ற மருந்துகளின் இரத்த அளவை உயர்த்தக்கூடும். ரசத்தில் இடும் மிளகைப் பற்றி இதைக் கூறவில்லை.

மனிதரில் உறுதியானது வேறு. பிரிட்டனில் நடந்த நீண்டகால ஆய்வில், எச்பிஏ1சி அளவு 1 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தவர்களிடம் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண் இரத்தக்குழாய்ப் பாதிப்பு 37 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. சமையல் முறை குறித்துச் சென்னையிலேயே ஓர் ஆய்வு நடந்துள்ளது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த ஆய்வில், உடல் எடை மிகுந்த 38 பேர் பங்கேற்றனர். பொரித்தல், வறுத்தல் ஆகியவற்றைத் தவிர்த்து வேகவைத்த உணவை 12 வாரம் உண்டபோது இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. சிறிய ஆய்வுதான், எனினும் இட்லியும் இடியாப்பமும் ஆவியில் வெந்தவையே என்பதில் நமக்கு வசதி. அளவு மிஞ்சினால் அவையும் சர்க்கரையை ஏற்றும்.

பராமரிப்பாளருக்கு: அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, நோயாளி உட்கொள்ளும் துணை மாத்திரை, சூரணம், பொடி ஆகிய அனைத்தையும் அவற்றின் உறைகளுடன் கொண்டுவாருங்கள். கால் மரத்துப்போனாலோ ஆறாத புண் இருந்தாலோ அந்நாள்வரை காத்திருக்க வேண்டாம்.