உட்கார ஓர் இடம்

அன்பு மாணவச் செல்வங்களே, உறவுகளே,

உங்களில் சிலர் இன்று கடை முதலாளிகள். "சம்பளம் ஏத்திக் கொடுக்க வியாபாரம் இல்ல சார், ஆளுங்களும் நிலைக்கிறதில்ல" என்கிறீர்கள்.

சென்ற வாரம் ஒரு ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போட்ட பெண், என் பழைய மாணவி. கால் மாற்றி மாற்றி நின்றாள். "கொஞ்சம் உட்காரக் கூடாதாம்மா?" என்றேன். "ஸ்டூல் இருக்கு சார், உட்கார்ந்தா திட்டுவாங்க" என்றாள்.

கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழகமும் சட்டமே கொண்டுவந்தன. ஆகவே அது சலுகை அல்ல, அவர்கள் உரிமை.

அதற்கு மேல் நீங்கள் தரக்கூடியவை உண்டு. வார விடுமுறை எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்கு முகம் சுளிக்காமல் அனுப்புங்கள். தவறைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். நல்லதை எல்லார் முன்னும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். வகுப்பறை எனக்குக் கற்றுத்தந்தது இது.

ஆனால் பாராட்டைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது. வியாபாரம் தேறியதும் சம்பளத்தையும் ஏற்றுங்கள். இல்லையென்றால் அந்தப் பாராட்டும் ஏமாற்று வேலைதான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்