கணக்குப் புத்தகமும் கரிச்சுரங்கமும்

இலாபம் இல்லை, ஆகவே மூடுகிறோம் என்றனர். கூறினர், கூச்சமின்றி! 1994 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில், ஹிர்வாயின் எனும் சிற்றூரை அடுத்த டவர் நிலக்கரிச் சுரங்கத்தின் கதவு அடைக்கப்பட்டது. அடைத்தது, அரசுக்குச் சொந்தமான பிரிட்டிஷ் கோல் நிறுவனம். ஏட்டைப் புரட்டினர், எண்களைக் கூட்டினர், ஈவு காணோம் என்று இதழ் பிதுக்கினர். தலைமுறை தலைமுறையாகத் தரைக்கடியிலே தவழ்ந்து கரி வெட்டிய மக்களை, ஒரு கையெழுத்திலே வீட்டுக்கு அனுப்பினர்.

அதே சுரங்கம், அதே கரி, அதே கரங்கள் — மறு ஆண்டு சனவரித் திங்கள் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் ஓடிற்று! ஓட்டியவர் எவர்? வெளியே தள்ளப்பட்ட அத்தொழிலாளரேதான்! கூலி கொடுத்து, கடனை அடைத்து, இலாபமும் ஈட்டினர். செத்துவிட்டது என்று சீட்டெழுதிக் கொடுத்த மருத்துவரின் எதிரிலேயே பிணம் எழுந்து நடந்தால், பிணத்தையா ஐயுறுவோம்? மருத்துவரையல்லவா ஐயுறவேண்டும்! ஆகவே கேட்கிறேன்: அந்த முதல் கணக்கை எழுதியவர் யார்? எதனை வரவில் வைத்தார், எதனை மறைத்தார்?

இக்கேள்வி பழங்கதை பற்றியதன்று. நிலக்கரியின் காலம் முடிந்து, சுரங்கம் இருந்த இடங்களையெல்லாம் மறுசீரமைப்பு என்ற அழகான பெயரிட்டு மாற்றி வருகிறார்கள். மாற்றுவதற்கும் ஒரு கணக்கு எழுதப்படுகிறது. அதை எழுதுகிறவரின் கை, பழைய கையாகவே இருந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

டவர் என்றால் கோபுரம். பெயர் வந்த வகை வேடிக்கையானது. 1848 இல், இரும்பாலை அதிபர்களான குரோஷே குடும்பத்தார் அங்கே மேட்டு நிலத்தில் ஒரு கோபுரம் எழுப்பினர். 1864 இல் அதன் அருகே கரிக்குச் சாய்வழி வெட்டினார்கள். கோபுரத்தின் பெயரே சுரங்கத்துக்கும் ஆயிற்று. முதலாளி வானை நோக்கிக் கட்டியதன் பெயரைத் தாங்கிக்கொண்டு, பாட்டாளி பாதாளத்தை நோக்கி நடந்தான்! அவ்வூர் மண் வெறும் மண்ணுமன்று. 1831 இல் அருகேயுள்ள மெர்த்தர் நகரில் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தபோது, ஹிர்வாயின் பொதுவெளியிலே கன்றின் குருதியில் துணியைத் தோய்த்துச் செங்கொடியாக உயர்த்தினர் என்பர். அக்கிளர்ச்சிக்காக டிக் பெண்டெரின் என்ற இளந்தொழிலாளி அவ்வாண்டு ஆகஸ்டில் கார்டிஃபில் தூக்கிலிடப்பட்டான்.

உயிருக்கு அந்நாட்டுக் கரிக்குழிகள் என்ன விலை போட்டன என்பதற்கு ஒரு சான்று போதும். 1913 அக்டோபர் 14 அன்று செங்கெனித் என்ற ஊரின் யுனிவர்சல் சுரங்கம் வெடித்தது. மாண்டவர் 439 பேர். அவர்களை மீட்கச் சென்று மடிந்தவர் மேலும் ஒருவர். பிரிட்டன் கண்ட சுரங்க விபத்துகளில் அதனினும் பெரியது இல்லை. விதி என்று சொல்லிவிடலாம், சொல்வது எளிது. ஆனால் அதே சுரங்கம் 1901 இலும் வெடித்து 81 பேரை விழுங்கியிருந்தது. காற்றோட்ட விசிறியைத் திசை மாற்றி இயக்கும் வசதி வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது; விபத்து நாளன்று அந்த வசதி இல்லை. இது விதியின் வேலையா? பிறகு வழக்கு நடந்தது. மேலாளருக்குத் தண்டம் 24 பவுன்! நிறுவனம் முதலில் தப்பியது. மேல்முறையீட்டில் அதற்கு 10 பவுன். மேலாளர் செலுத்திய தொகையை மாண்ட தொழிலாளர் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு ஒரு ஷில்லிங்கும் ஒரு பென்னியும் சொச்சமும் தேறும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மனிதனைத்தான் காணோம்!

1947 சனவரி முதல் நாள் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. மக்கள் சார்பிலே நடத்தப்படுகிறது என்ற பலகை ஒவ்வொரு சுரங்க வாயிலிலும் ஏறிற்று. ஏறும்போது எத்தனை கண்கள் கலங்கினவோ! ஆனால் பலகை மாறியதே தவிர, கணக்கர் முழுவதும் மாறினாரில்லை. 1962 இல் டவர் சுரங்கத்திலேயே வாயு வெடித்து 9 தொழிலாளர் மாண்டனர். 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீடித்த மாபெரும் வேலைநிறுத்தம் தோற்றது. தோற்றவனுக்குத் தொடர்ந்து அடி விழுவதுதானே உலகியல்? 1992 அக்டோபரில், 31 சுரங்கங்களை மூடப்போகிறோம், ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போகும் என்று ஒரே அறிவிப்பிலே உரைத்தது அரசு. டவர், தெற்கு வேல்ஸில் பிரிட்டிஷ் கோல் நடத்திவந்த கடைசி ஆழ்சுரங்கமாய் எஞ்சி நின்றது. அதற்கும் நாள் குறித்தனர். அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆன் கிளூயிட் எனும் வீராங்கனை சுரங்கத்துக்குள் இறங்கி, 27 மணி நேரம் வெளிவராமல் அமர்ந்தார். மசியவில்லை மேலிடம்.

இனிதான் கதை. வேலை போனவர்களுக்குப் பணிநீக்க ஈட்டுத்தொகை வந்தது. அந்தப் பணம் எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இனி வேலை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலையில், இல்லத்தாளும் பிள்ளைகளும் எதிர்பார்த்து நிற்க, கையில் வந்து விழுந்த கடைசிக் காசு! அதிலிருந்து ஆளுக்கு 8,000 பவுன் போடுவோம், சுரங்கத்தை நாமே வாங்குவோம் என்றார் தொழிற்சங்கக் கிளையின் செயலாளர் டைரோன் ஓ சல்லிவன். 239 பேர் போட்டனர். பெருக்கிப் பாருங்கள்: 19 இலட்சம் பவுனுக்கு மேல்! நிலக்கரி வாரியத்தின் தெற்கு வேல்ஸ் இயக்குநராய் முன்னர் இருந்த பிலிப் வீக்ஸ் அவர்களுக்குத் துணை நின்றார். கற்றவன் ஒருவன் உழைப்பவன் பக்கம் வந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. அப்படி வருகிறவர்கள்தாம் அரிது.

1995 சனவரி 2. சங்கக் கொடியை முன்னே பிடித்துக்கொண்டு, மனைவி மக்களுடன், சுரங்க வாயிலுக்கு ஊர்வலமாய் நடந்தனர். அன்று உள்ளே சென்றவர்கள் கூலியாட்கள் அல்லர், உரிமையாளர்கள்! ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஒரு வாக்கு. வெட்டிய கரி அபர்தா மின்நிலையத்துக்கும் பிற இடங்களுக்கும் சென்றது. வாங்குவோர் இல்லை, விலை இல்லை, வழி இல்லை என்று வகைவகையாய்ச் சொன்னவர்கள் வாயடைத்து நின்றனர். 2008 சனவரியில் டவர் மூடப்பட்டது, உண்மைதான். அம்முறை ஏன்? வெட்டத்தக்க கரி தீர்ந்தது. முதியவன் முழு வாழ்வு வாழ்ந்து கண் மூடுவது வேறு. நடமாடுகிறவனைப் பிடித்துக் குழியில் இறக்குவது வேறு. 2008 இல் நடந்தது முன்னது. 1994 இல் நடக்கவிருந்தது பின்னது!

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: கரியை எரித்ததால்தானே உலகம் வெதும்புகிறது, புயலும் வெள்ளமும் பெருகுகின்றன, சுரங்கம் மூடப்பட்டதற்கு அழலாமா? நண்பர் கூறுவதன் முற்பகுதி அறிவியல். மறுப்பவன் மடையன். அபர்தா மின்நிலையமே 2020 இல் மூடப்பட்டுவிட்டது. அதுபற்றி எனக்குக் கண்ணீரில்லை. ஆனால் 1994 இல் டவரை மூடியவர்கள் காற்று மாசுபடுகிறதே என்று கவலைப்பட்டா மூடினர்? கணக்குப் புத்தகத்தைக் காட்டியல்லவா மூடினர்! கரியை விட்டொழிப்பது தேவை என்பதாலேயே, கரி வெட்டியவனை எப்படி வேண்டுமானாலும் விட்டொழிக்கலாம் என்று ஆகிவிடுமா?

சரி, மறுசீரமைப்புக்கு வருவோம். டவர் நிலத்தில் 2012 முதல் சில ஆண்டுகள் திறந்தவெளியாய்த் தோண்டி, மேலடுக்கில் எஞ்சிய கரியை எடுத்தனர். நிலத்தைச் சீர்செய்யும் செலவுக்கு அதுவே வழி என்றனர். புண்ணை ஆற்றுவதற்குப் புண்ணிலேயே மறுபடி வெட்டுவதா என்று கேட்டவர் உண்டு, கேள்வி நியாயமானதே. பிறகு 2021 இல் அங்கே கேளிக்கைக்கூடம் வந்தது. ரிகோஸ் மலைச்சரிவின் மேலே கம்பி கட்டி, அதில் தொங்கியபடி பறந்து வரலாம். அதற்குப் பெயர் ஃபீனிக்ஸ். சாம்பலிலிருந்து எழுந்த பறவையாம்! பழைய சுரங்கக் கட்டடத்தில் உணவகமும் உண்டு. அதன் வேல்ஸ் மொழிப் பெயருக்குக் கரிச் சமையலறை என்று பொருள்.

விளையாட்டை வெறுப்பவனல்லன் நான். வேலை வறண்ட பள்ளத்தாக்கில் நாலு பேருக்கு ஊதியம் தருவதை நையாண்டி செய்யவும் மாட்டேன். ஆனால் பறந்து இறங்குகிறவனுக்கு, தன் காலடியில் 239 பேர் தம் கடைசிக் காசைப் போட்டு ஒரு பொய்யை முறியடித்தார்கள் என்பது தெரியவேண்டாமா? டைரோன் ஓ சல்லிவன் 2023 இல் மறைந்தார். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிளேனாவோனில் உள்ள பிக் பிட் சுரங்கத்தைப் பாருங்கள். 1980 இல் மூடினர். 1983 இல் அருங்காட்சியகமாய்த் திறந்தனர். காண வருபவரைக் கூண்டில் ஏற்றி, 300 அடி ஆழத்துக்குக் கீழே அழைத்துச் சென்று காட்டியவர்கள் எவர்? அங்கே கரி வெட்டியவர்களே! சொல்பவன் பட்டவன், கேட்பவன் இருட்டைத் தானே தொட்டுப் பார்ப்பவன். அதுவும் மறுசீரமைப்புத்தான். எது மேல் என்று எவருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆயினும் அருங்காட்சியகமா, கேளிக்கையா என்பது இரண்டாவது வழக்கு. முதல் வழக்கு மலைமேலே நிற்கிறது. சுரங்கத்திலிருந்து கரியை எடுத்துக்கொண்டு, கழிவைக் குன்றுகளின் மேல் கொட்டிவிட்டுப் போனார்கள். வேல்ஸ் முழுவதும் அத்தகைய கைவிடப்பட்ட கழிவுமேடுகள் 2,500 க்கும் மேல்! அவை என்ன செய்யும் என்பதை 1966 அக்டோபர் 21 காலை உலகு கண்டது. மெர்த்தர் வேல் சுரங்கத்தின் ஏழாம் எண் மேடு, நீரூற்றின் மேல் கொட்டப்பட்டிருந்தது. சரிந்தது; அபர்வான் ஊர்ப் பள்ளியை மூடிற்று. மாண்டவர் 144 பேர். அவருள் குழந்தைகள் 116! குற்றம் நிலக்கரி வாரியத்தினுடையது என்று விசாரணை மன்றம் 1967 இல் தெளிவாய் உரைத்தது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அதைவிடக் கொடுமை கேளுங்கள்: எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கு, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக உலகோர் திரட்டி அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுன் எடுத்தனர்! அத்தொகையை 1997 இல்தான் திருப்பித் தந்தனர்; அதுவும் வட்டியின்றி. வங்கிக்கு வட்டி உண்டு, அழுத தாய்க்கு வட்டி இல்லை! 2007 இல் வேல்ஸ் அரசு தன் பங்குக்குப் பெருந்தொகை அளித்து அந்தக் கறையைத் துடைக்க முனைந்தது.

மேடுகள் தீர்ந்தனவா? 2020 பிப்ரவரிப் புயல்மழையில் டைலர்ஸ்டவுன் ஊரின் மேடு சரிந்து ஆற்றில் விழுந்தது. 2024 நவம்பரில் கும்டில்லெரியில் மேட்டுச் சேறு வீடுகளுக்குள் புகுந்தது. கரியின் புகையால் வானம் கெட்டது. கெட்ட வானம் கனமழையாய்க் கரியின் கழிவு மீதே பொழிகிறது. அடிவாரத்தில் வீடு யாருக்கு? கரி வெட்டியவனின் பேரனுக்கு! 2025 இல் வேல்ஸ் நாடாளுமன்றம் மேடுகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றியது. நல்லது. பணம்? ஏறத்தாழ 60 கோடி பவுன் தேவை என்று வேல்ஸ் அரசு மதிப்பிட்டது. இலண்டன் அரசு 2024 இல் இரண்டரைக் கோடியும், 2025 இல் 11 கோடியே 80 இலட்சமும் ஒதுக்கியது. எஞ்சியது?

கரி கப்பலேறியபோது அது பிரிட்டனின் கரி. அதன் ஆதாயம் இலண்டன் கருவூலத்துக்கும் முதலாளிகளின் மாளிகைக்கும் சென்றது. வேல்ஸுக்கென்று தனி ஆட்சி அமைந்ததே 1999 இல்தான். மேடுகளில் பெரும்பாலானவை அதற்கு நெடுநாள் முன்பு குவிக்கப்பட்டவை. வரவை எவன் வாங்கினானோ அவன் செலவையும் ஏற்கட்டும். எஞ்சிய கோடிகளை இலண்டன் எடுத்து வைக்கட்டும், அடுத்த மாரிக்கு முன்பே!