நாலாவது ராக்கெட்டுக்கு யார் காசு கொடுப்பது?

இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குவோம். எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு வெற்றிகரமாக விண்ணில் கொண்டுபோய் விட்ட முதல் செயற்கைக்கோள் எந்த நாட்டினுடையது?

ஜப்பான், ஜெர்மனி என்று தேட வேண்டாம். அது நம்முடையது. 2009 ஜூலை 14, மலேசிய நேரப்படி காலை 11.35 மணி. பசிபிக் பெருங்கடலில் ஒமெலெக் என்ற குட்டித் தீவிலிருந்து ஃபால்கன் 1 ராக்கெட் கிளம்பியது. அதன் உச்சியில் இருந்தது ரசாக்சாட். நம் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் பெயர் தாங்கிய, 180 கிலோ எடையுள்ள, பூமியைப் படம்பிடிக்கும் செயற்கைக்கோள்.

அது சுற்றிய பாதையும் நமக்கென்றே யோசித்தது. படம்பிடிக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காகச் சுற்றும். எப்போதாவது நம் தலைக்கு மேல் வரும். வரும் நேரத்தில் கீழே மேகம் மூடியிருந்தால் போச்சு. நம் நாட்டு வானம்தான் தெரியுமே, மதியம் ஆனால் கொடியில் துணி காயப்போட யோசிக்கிறோம். அதனால் ரசாக்சாட்டைப் பூமத்திய ரேகையை ஒட்டிச் சுற்ற விட்டார்கள். ஒரே நாளில் பல முறை மலேசியாவைக் கடக்கும். ஒரு தடவை மேகம் மறைத்தாலும் அடுத்த தடவை படம் எடுக்கலாம். நல்ல யோசனை.

ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் ரசாக்சாட் ஏறத்தாழ ஓராண்டிலேயே செயலிழந்தது. அடுத்து வரும் என்று சொல்லப்பட்ட ரசாக்சாட் 2 விண்ணுக்குப் போகவே இல்லை.

அன்றைக்கு அந்த ராக்கெட்டை ஏவியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? 2024ஆம் ஆண்டில் மட்டும் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 தடவைக்கு மேல் பறந்திருக்கின்றன. கிட்டத்தட்ட மூன்று நாளுக்கு ஒன்று. ஒரு காலத்தில் நாடுகள் மட்டுமே செய்த வேலையை ஒரு தனியார் நிறுவனம் பேருந்து விடுவதுபோல் செய்கிறது.

பேருந்து என்று சும்மா சொல்லவில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து கோலாலம்பூருக்கு ஓர் எக்ஸ்பிரஸ் பேருந்து போகிறது என்று வையுங்கள். பயணிகள் இறங்கியதும் பேருந்தை உடைத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டால் டிக்கெட் என்ன விலை விற்கும்? ராக்கெட் தொழில் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. ஒரு தடவை பறந்தால் கடலில் விழும், அதோடு சரி. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் தன் ராக்கெட்டின் கீழ்ப்பகுதியைத் திரும்ப நிலத்தில் நிற்க வைத்தது. 2017 மார்ச்சில் ஒரு முறை பறந்த கீழ்ப்பகுதியையே மறுபடியும் ஏவியது. அதன் பிறகுதான் கணக்கே மாறியது.

வானொலியில் இந்த விஷயத்தை எடுத்தால் வரும் அழைப்புகள் இரண்டு வகை. ஒன்று, "இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு" என்பது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2021 ஜூலையில் ரிச்சர்ட் பிரான்சனும் ஜெஃப் பெசோசும் ஒன்பது நாள் இடைவெளியில் தத்தம் நிறுவனத்தின் கலங்களில் ஏறி விண்வெளியின் ஓரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆனால் இந்தத் தொழிலில் பெரும்பகுதி ஆள் ஏற்றும் வேலை இல்லை, செயற்கைக்கோள் ஏற்றும் வேலை. அதில் நம் வீடுகளும் சேர்த்திதான். 1996ல் முதல் மீசாட் விண்ணுக்குப் போனதிலிருந்து கூரையில் ஆஸ்ட்ரோ தட்டு வைத்துக்கொண்டிருக்கிறோம். மழை வந்தால் படம் நின்றுபோகும் என்பது வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். 2023ல் ஸ்டார்லிங்க் இணையச் சேவைக்கும் நம் நாட்டில் உரிமம் கொடுத்தாகிவிட்டது. ஆக, விண்வெளித் தொழிலுக்கு நாம் நெடுநாள் வாடிக்கையாளர்கள்.

இரண்டாவது வகை அழைப்பு எனக்கு முக்கியமானது. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். மகள் ஐந்தாம் படிவம். விண்வெளிப் பொறியியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாம். "கேட்க நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா படிச்சிட்டு வேலை இல்லாம உட்கார்ந்தா பி.டி.பி.டி.என். கடனை யாரு கட்டுறது? ஒரு தடவ தோத்துட்டா நம்மளால மறுபடியும் எழுந்திரிக்க முடியுமா?"

இந்தத் தொழிலின் கதை முழுவதும் அவருடைய கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

ரசாக்சாட்டைச் சுமந்துபோனது ஐந்தாவது ஃபால்கன் 1. முதல் மூன்றும் தோற்றவை. 2006 மார்ச்சில் முதல் ராக்கெட் எரிபொருள் கசிந்து தீப்பிடித்து, கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் விழுந்தது. 2007ல் இரண்டாவது விண்வெளியைத் தொட்டுவிட்டுக் கட்டுப்பாட்டை இழந்தது. 2008 ஆகஸ்டில் மூன்றாவது ராக்கெட்டின் இரண்டு பகுதிகளும் பிரியும்போது ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. கையில் இருந்த காசு தீரும் நிலை. அதே ஆண்டு செப்டம்பர் 28ல் நாலாவது ராக்கெட் ஏறியது. டிசம்பரில் நாசா 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றும் வேலை.

இதைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். மேடைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் நாலாவது ராக்கெட் வரைக்கும் தாக்குப்பிடிக்க மஸ்க்கிடம் பேபால் நிறுவனம் விற்ற காசு இருந்தது. 2006லேயே நாசா கைகொடுக்கத் தொடங்கியிருந்தது. நாலாவது முயற்சிக்குத் துணிச்சல் மட்டும் போதாது. பின்னால் தாங்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

அமெரிக்காவில் காசு கொட்டிக் கிடக்கிறது, நமக்கெல்லாம் ஒத்துவருமா என்று கேட்பீர்கள். சரி, சென்னைக்குப் போவோம்.

ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் நியூயார்க்கில் நிதித்துறையில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு விண்வெளிப் பொறியியல் படித்தார். 2017ல் மொயின் எஸ்.பி.எம். என்பவரோடு சேர்ந்து சென்னையில் அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இடம் கொடுத்து வளர்த்தது சென்னை ஐ.ஐ.டி. அங்கே எரிதல் துறையில் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி கூடவே நின்றார். அவர்கள் செய்த இயந்திரத்தின் பெயர் அக்னிலெட். நூற்றுக்கணக்கான உதிரிப் பாகங்களைப் பற்றவைத்துச் சேர்ப்பதற்குப் பதிலாக, முப்பரிமாண அச்சு முறையில் உலோகத்தை அடுக்கடுக்காகப் படியவைத்து ஒரே துண்டாக எடுத்துவிடுகிறார்கள்.

இயந்திரம் இருந்தால் போதுமா? எங்கிருந்து ஏவுவது? 2020ல் இந்திய அரசு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. இன்ஸ்பேஸ் என்ற அமைப்பு வந்தது. அந்த டிசம்பரிலேயே அக்னிகுல் ஒப்பந்தம் போட்டது. இஸ்ரோவின் ஸ்ரீஹரிகோட்டா வளாகத்துக்குள்ளேயே சொந்தமாக ஓர் ஏவுதளம் கட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. 2022 நவம்பரில் ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் இந்தியாவின் முதல் தனியார் ராக்கெட்டை அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது.

அக்னிகுல் தன் சோதனை ராக்கெட்டை 2024 மார்ச்சில் ஏவுவதாக இருந்தது. நின்றுபோனது. ஏப்ரலில் இரண்டு தடவை நின்றது. மே 28ல் எண்ணிக்கை முடிய சில விநாடிகளே இருக்கும்போது மறுபடியும் நிறுத்தினார்கள். நாலு தடவை ஏமாற்றம். மே 30 காலை 7.15 மணிக்கு ஐந்தாவது முயற்சியில் கிளம்பியது. பூமியைச் சுற்றும் பாதைக்கு அது போகவில்லை. சோதித்துப் பார்க்கும் குட்டிப் பயணம்தான். ஆனாலும் ஒரே துண்டாக அச்சிட்ட இயந்திரம் ஒரு ராக்கெட்டைத் தூக்கிக் காட்டியது.

தமிழ்நாட்டில் அடுத்த ஏற்பாடும் தயாராகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் தசரா திருவிழாவுக்குப் பேர்போன குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கென்றே இஸ்ரோ ஓர் ஏவுதளம் அமைக்கிறது. 2024 பிப்ரவரி 28ல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போக வேண்டும். வளைந்தால் எரிபொருள் செலவாகும், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நட்டம். குலசையிலிருந்து தெற்கே நேராகக் கடல்தான்.

எல்லாருக்கும் நாலாவது வாய்ப்பு கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சனின் இன்னொரு நிறுவனமான வெர்ஜின் ஆர்பிட், விமானத்தின் இறக்கைக்கு அடியிலிருந்து ராக்கெட்டை ஏவியது. நாலு முறை வென்றும் இருந்தது. 2023 ஜனவரியில் பிரிட்டனிலிருந்து புறப்பட்ட பயணம் தோற்றது. அடுத்த முயற்சிக்குக் காசு திரட்ட முடியவில்லை. சுமார் 675 பேருக்கு வேலை போனது. ஏப்ரலில் திவால் மனு கொடுத்தார்கள். இந்தத் தொழில் வளரும் வேகத்தைப் பார்த்து மயங்கும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தையும் தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ரசாக்சாட் செயலிழந்ததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். விண்வெளியில் பொருள்கள் கெட்டுப்போகும், அது சகஜம். அதற்கடுத்த ஒன்று போகவில்லை என்பதுதான் குறை. ஒரு குழு ஒரு செயற்கைக்கோளைச் செய்து, அதில் எது தவறியது என்று கற்றுக்கொண்டபோது, அந்தப் பாடத்தைப் பயன்படுத்த அடுத்த வேலை கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கற்றவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், பாடமும் கூடவே போய்விடும். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பீங்கான் சாமான்களும் பூந்தொட்டிகளும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூளையைத் திறக்கும்போது சில தொட்டிகள் விரிசல் விட்டிருக்கும். அதற்காக யாரும் சூளையை மூடுவதில்லை. மறுநாள் மண் பிசைகிறார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. 2018ல் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யுஐடிஎம்சாட் 1 விண்ணுக்குப் போனது. பத்து சென்டிமீட்டர் கனசதுரம், கைக்குள் அடங்கும். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து மாணவர்கள் செய்தது. அதைச் சுமந்துபோனதும் ஃபால்கன் ராக்கெட்தான். 2019ல் மலேசிய விண்வெளி முகமை உருவானது. 2022ல் விண்வெளித் துறைக்கென்று தனிச் சட்டமும் வந்தது. வாசல் இருக்கிறது. அரசாங்கம் பல்கலைக்கழகங்களுக்கு ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று தொடர்ச்சியாகச் சின்னச் சின்ன செயற்கைக்கோள் வேலை கொடுத்தால் போதும், பத்து ஆண்டில் நம்மிடம் ஒரு தலைமுறை தயாராகிவிடும். பெரிதாக ஒன்றைச் செய்துவிட்டு நிறுத்துவதைவிட அது மேல்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். படிக்கட்டும். ஜொகூரிலேயே ஸ்கூடாய் யு.டி.எம்.மில் விமானப் பொறியியல் இருக்கிறது. யு.பி.எம்.மிலும் யு.எஸ்.எம்.மிலும் விண்வெளிப் பொறியியல் இருக்கிறது. ராக்கெட் நிறுவனத்தில் வேலை கிடைக்காவிட்டாலும் அந்தப் படிப்பு வீணாகாது. மலாக்காவில் சி.டி.ஆர்.எம். நிறுவனம் ஏர்பஸ் விமானங்களுக்கு இறக்கைப் பாகங்கள் செய்கிறது. கலவைப் பொருள், உலோகம், மென்பொருள், தரச் சோதனை என்று கற்ற வேலை எதுவும் விமானத் தொழிலிலும் செல்லும், மற்றத் தொழிற்சாலைகளிலும் செல்லும். பொறியியல்தான் என்றில்லை. விண்வெளிச் சட்டத்துக்கு வழக்கறிஞர் வேண்டும், ராக்கெட்டுக்குக் காப்புறுதி போட ஆள் வேண்டும், வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வெள்ளம் எங்கே வரும் என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஆனால் வீட்டில் ஒன்றை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் எஸ்.பி.எம். தேர்வு ஒரே ஒரு ராக்கெட் மாதிரி. ஏறினால் மாலை, விழுந்தால் உறவுக்காரர்கள் வாயில் விழ வேண்டியதுதான். விரும்பிய துறைக்கு முதல் தடவை இடம் கிடைக்காவிட்டால் டிப்ளோமா வழியாகப் போகலாமா, ஓராண்டு வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாமா, அதற்கு வீட்டில் எவ்வளவு தாங்க முடியும் என்று வெள்ளிக் கணக்கோடு பேசுங்கள். "நீ தோற்றாலும் பரவாயில்லை" என்று சொல்வது எளிது. அடுத்த முயற்சிக்கு இவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று சொன்னால் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

பல்கலைக்கழகத்தின் பொது நாளுக்குப் போகும் பெற்றோரும் பிள்ளைகளும் கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு எல்லாம் விசாரிப்பீர்கள். கூடவே ஆய்வுக்கூடத்துக்குள் போய் இன்னொன்றையும் கேளுங்கள். "போன ஆண்டு மாணவர்கள் செய்ததில் எது உடைந்தது? அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?" அதற்கு உற்சாகமாகப் பதில் சொல்லும் விரிவுரையாளர் யாராவது இருந்தால், அந்த இடத்தில் பிள்ளையைத் தைரியமாகச் சேர்க்கலாம்.