கந்தர்வக்கோட்டைக்கு மேலே ஒரு ஜெல்லி மீன்!

ஏப்ரல் கடைசியில், இரவு 10 மணிவாக்கில் கந்தர்வக்கோட்டையில் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே, சிம்மத்துக்கும் கன்னிக்கும் நடுவே வெறும் இருட்டுதான் தெரியும். அந்த இருட்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் கூட்டமாக இருக்கின்றன. அதுதான் விர்கோ கிளஸ்டர். தூரம், சுமார் 5.4 கோடி ஒளியாண்டுகள்.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை குள்ள கேலக்ஸிகள். நம் பால்வெளியில் 10,000 கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்கள் உண்டு. குள்ளர்களிடம் சில கோடி, மிஞ்சினால் சில நூறு கோடி.

பிரபஞ்சத்தில் முதலில் உருவானவை சின்ன கேலக்ஸிகள்தான். அவை ஒன்றோடு ஒன்று சேர்ந்தே பெரியவை வளர்ந்தன. சேராமல் தப்பியவற்றில் சில, கிளஸ்டரின் ஈர்ப்பில் சிக்கி உள்ளே விழுகின்றன. அங்கேதான் ஆபத்து!

காற்றே வீசாத மதியத்திலும், தஞ்சாவூர் ரோட்டில் பைக்கை முறுக்கினால் தோளில் கிடக்கும் துண்டு பின்னால் பறக்கும் இல்லையா? அதே கதைதான். கிளஸ்டருக்குள் கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் மெல்லிய வாயு பரவியிருக்கிறது. அதற்குள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான கி.மீ. வேகத்தில் பாயும் குள்ள கேலக்ஸியிடமிருந்து, நட்சத்திரம் உண்டாக்கத் தேவையான வாயு உருவப்பட்டுவிடுகிறது. பெரிய கேலக்ஸிகள் தங்கள் ஈர்ப்பால் ஓரளவு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சின்னதுக்கு அந்தத் தெம்பு இல்லை.

இதற்குக் கண்கூடான சாட்சி, ஐசி 3418. வால் நீண்ட ஜெல்லி மீன் போன்ற வடிவம். 2015 செப்டம்பர் 28-ல் இஸ்ரோ ஏவிய அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி இதைப் படமெடுத்தது. அந்தத் தொலைநோக்கியை உருவாக்கியதில் முக்கியப் பங்கு, நம்ம காவலூர் வானாய்வகத்தை நடத்தும் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கு. 2021-ல் இந்திய விஞ்ஞானிகள் இதன் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஆச்சர்யம் என்னவென்றால், ஐசி 3418-ன் உடலில் நட்சத்திரப் பிறப்பு 20, 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. ஆனால், பறிபோன வாயு வாலில் குளிர்ந்து திரண்டு, அங்கே புது நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டிருக்கிறது. அவற்றில் பல, இனி எந்த கேலக்ஸிக்கும் சொந்தமில்லாமல் கிளஸ்டருக்குள் அலையும். தாய் கேலக்ஸியோ, பழைய நட்சத்திரங்களோடு மங்கிக்கொண்டே இருக்கும்.

ஐசி 3418 வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், உங்கள் பள்ளியில் சின்ன தொலைநோக்கி இருந்தால், அதே கூட்டத்தின் எம் 87-ஐ மங்கலான புகைப்பொட்டாகப் பார்க்கலாம். 2019-ல் கருந்துளை போட்டோ வந்ததே, அந்த கேலக்ஸிதான். நிலா இல்லாத இரவாகப் பார்த்துக் கிளம்புங்கள்!