நீதிபதிக்கும் ஓட்டு!

மலாக்காவில் நாம் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம், நாடாளுமன்றத்துக்குப் போடுகிறோம். ஊராட்சி மன்றத் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள். இன்னும் திரும்பி வரவில்லை. அப்படிப்பட்ட நம்மிடம், "நீதிபதியையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஊர் இருக்கிறது" என்று சொன்னால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் அப்படிப்பட்ட ஊர். அங்கே மாவட்ட நீதிபதி ஆக வேண்டுமானால் கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்க வேண்டும். ஜெயித்தால் 4 ஆண்டுப் பதவி. ஹூஸ்டன் நகரை ஒட்டிய ஃபோர்ட் பெண்ட் மாவட்டத்தில், 2022 நவம்பரில் அப்படி ஜெயித்தவர் சுரேந்திரன் கே. பட்டேல். பெயரைப் பார்த்துக் குஜராத்திக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கேரளாவின் காசர்கோட்டு மலையாளி.

கூலி வேலை செய்து பிழைத்த குடும்பம். சிறுவயதில் அக்காவோடு உட்கார்ந்து பீடி சுற்றியிருக்கிறார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் படிப்பை விட்டுவிட்டு ஒரு வருடம் முழுநேரமும் அதே வேலைதான். அப்பா அம்மாவோடு பால் மரத்துக்குப் போய் மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கி வளர்ந்த நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை.

பிறகு கல்லூரியில் சேர்ந்தார். வேலைக்கும் போய்க்கொண்டிருந்ததால் வருகைப் பதிவு குறைந்தது. தேர்வு எழுத முடியாது என்றார்கள். ஆசிரியர்களிடம் போய் ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டார். நல்ல மதிப்பெண் வராவிட்டால் நானே படிப்பை விட்டுவிடுகிறேன் என்றார். எழுத விட்டார்கள், அவர் முதலாவதாக வந்தார். ஓட்டலில் துப்புரவு வேலை செய்துகொண்டே கோழிக்கோட்டில் சட்டம் முடித்தார். 2007-இல் தாதியான மனைவிக்கு வேலை கிடைத்து டெக்சஸ் போனபோது, வழக்கறிஞராக இருந்தவர் மளிகைக் கடையில் வேலை பார்த்தார். அந்த நாட்டு வழக்கறிஞர் தேர்வை எழுதித் தேறினார். 2017-இல் குடியுரிமை. 2020-இல் உட்கட்சித் தேர்தலில் தோல்வி. 2022-இல் பதவியில் இருந்த நீதிபதியையே தம் கட்சிக்குள் தோற்கடித்து, பிறகு பொதுத் தேர்தலிலும் ஜெயித்தார்.

பிரசாரத்தின்போது அவருடைய பேச்சு வழக்கைக் கேலி செய்தார்கள். இப்படிப் பேசுகிறவர் எங்கே ஜெயிக்கப் போகிறார் என்று சொந்தக் கட்சியிலேயே நினைத்தவர்கள் உண்டு. வானொலியில் வேலை செய்கிற எனக்கு இது உறைத்தது. நிகழ்ச்சிக்கு அழைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், "எனக்கு அவ்வளவா பேச வராதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். சொல்ல வந்ததை அதன்பிறகு மிகத் தெளிவாகச் சொல்வார்கள்.

சரி, நமக்கும் நீதிபதித் தேர்தல் வேண்டுமா? எனக்குச் சம்மதமில்லை. தேர்தல் என்றால் செலவு, செலவு என்றால் நன்கொடை. இன்று நன்கொடை கொடுக்கும் வழக்கறிஞர் நாளை அதே நீதிபதியின் முன் வாதாடப் போவார். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக 50 மில்லியன் டாலர் தீர்ப்பானது. மேல்முறையீட்டுக்கு முன், அந்நிறுவனத் தலைவர் ஒரு நீதிபதி வேட்பாளருக்காக 3 மில்லியன் டாலர் செலவழித்தார். ஜெயித்தவர் அதே வழக்கில் உட்கார்ந்து நிறுவனத்தின் பக்கமே நின்றார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் 5-க்கு 4 என்ற கணக்கில்.

நம் முறை வேறு. மலாயா தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி செஷன்ஸ் நீதிபதியை மாமன்னரும், மாஜிஸ்திரேட்டை மாநில அரசும் நியமிக்கிறார்கள். ஆயர் குரோவிலோ அலோர் காஜாவிலோ நம் மக்கள் அதிகம் ஏறி இறங்குவது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான். பிடிபட்ட பையனை விசாரணைக் காவலில் வைக்கலாமா என்று தீர்மானிப்பவர் அவர். ஒரு லட்சம் வெள்ளி வரையிலான சிவில் வழக்குகளையும் அவர் விசாரிக்கலாம். தோட்டத்திலிருந்து ஒருவர் அந்த நாற்காலிக்குப் போனால் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது, சொல்லவும் கூடாது. ஆனால் கூண்டில் நிற்பவர் பயத்தில் வாய் திறக்காமல் நிற்கிறாரா, திமிரில் நிற்கிறாரா என்று அவருக்குக் கொஞ்சம் சீக்கிரம் புரியும்.

அந்த நாற்காலிக்கு நாம் ஓட்டுப் போட்டு யாரையும் அனுப்ப முடியாது. சுரேந்திரனையும் வெறும் ஓட்டு மட்டும் அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கவில்லை. வருகை குறைந்த மாணவனைத் தேர்வு எழுத விட்ட ஆசிரியர்கள், 2022-க்குப் பல ஆண்டுகள் முன்பே தங்கள் ஓட்டைப் போட்டுவிட்டார்கள். எஸ்.பி.எம். முடித்த கையோடு பத்து பெரண்டாம் தொழிற்சாலைக்குப் போய்விட்ட பிள்ளை உங்கள் வீட்டருகே இருந்தால், ஆறாம் படிவத்துக்கு விண்ணப்பிக்கலாமே என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். அந்தத் தேர்தலில் நம் எல்லாருக்கும் ஓட்டு உண்டு.