தாயும் சேயும்: தலை தட்டையாகாதிருக்க

ஞானஸ்நானத் தொட்டியருகே ஞானத்தாய் குழந்தையை ஏந்தி நிற்கையில் எல்லாருடைய கண்களும் அதன் தலைமீதே பதிகின்றன. "பின்மண்டை ஒரு பக்கம் சப்பையாய் இருக்கிறதே, பெற்றவள் கவனிக்கவில்லையா?" என்று உறவினருள் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அந்த இளந்தாயின் முகம் வாடிவிடும். இச்சொல் நியாயமற்றது என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

சிசுவின் மண்டையோடு ஒரே எலும்பன்று. பல தகடுகள் இளகிய பொருத்துகளால் இணைந்துள்ளன; நெற்றிக்கு மேலுள்ள உச்சிக்குழி மூடுவதற்குப் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேலாகும். மூளை விரைந்து வளர்வதற்காகவே இவ்வமைப்பு. முதல் மூன்று மாதங்களில் தலையின் சுற்றளவு மாதந்தோறும் ஏறத்தாழ 2 செ.மீ. பெருகுகிறது. இவ்வாறு வளரும் மென்மையான தலை எப்பொழுதும் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அவ்விடம் தட்டையாகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடத்தும் இரட்டையரிடத்தும் இது மிகுதி. இதனால் மூளை நெருக்குண்டு அறிவு குன்றிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் இக்கவலையால் சிலர் செய்யத் துணியும் ஒரு காரியமே நம்மை அஞ்சச் செய்கிறது. தலை உருண்டையாக வேண்டுமென்று சிசுவைக் குப்புறப் படுக்கவைத்து உறங்கச் செய்கிறார்கள். மேனாடுகளில் ஒரு காலத்தில் மருத்துவர்களே அவ்வாறு கூறி வந்தனர். தொட்டிலில் திடீரென மாண்டுபோகும் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தபின் அக்கருத்து மாறிற்று. 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் குப்புறப் படுக்கவைக்கலாகாது என அறிவித்தது. 1994-இல் அந்நாடு முழுவதும் மல்லாந்து உறங்கவைக்கும் இயக்கம் தொடங்கியது. அதன்பின் அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. தட்டைத் தலைகளோ பெருகின. தட்டைத் தலை பெரும்பாலும் நாளடைவில் சீராகும். போன உயிர் திரும்பாது. ஆகவே முதல் ஆண்டில் இரவாயினும் பகலாயினும் உறக்கத்திற்கு மல்லாந்தே கிடத்துக.

விழித்திருக்கும் வேளைகளே தலையைக் காக்கும் வேளைகள். பிறந்த சில நாள்களிலிருந்தே குழந்தையைத் தாய் தன் மார்பின்மீதோ, தரையில் விரித்த பாயின்மீதோ சற்று நேரம் குப்புறக் கிடத்தலாம். பால் குடித்தவுடன் வேண்டாம். அருகில் ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் ஒரு தடவைக்கு மூன்று அல்லது ஐந்து நிமிடமே போதும். நம் இல்லங்களில் மூவேளைச் செப மணியோசையையே இதற்கு நினைவூட்டலாகக் கொள்ளலாமே! ஏழாம் வாரத்திற்குள் நாளொன்றுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம்வரை உயர்த்துக. கழுத்தும் தோளும் வலுப்பெறும். தலையும் ஓய்வு பெறும்.

மல்லாந்து கிடக்கையிலும் ஒரு வழியுண்டு. குழந்தை வெளிச்சத்தையும் தாயின் முகத்தையும் நாடியே தலையைத் திருப்பும். சன்னலும் தாயும் என்றும் ஒரே பக்கமிருந்தால் தலையும் அப்பக்கமே சாயும். இன்று தலை வைத்த பக்கத்தில் நாளை கால் வரும்படி படுக்கவைத்தால், அது தானாகவே மறுபக்கம் நோக்கும். இடுப்பில் தூக்கும்போதும் இடமும் வலமும் மாற்றிக்கொள்க.

தூளியைப் பற்றியும் சொல்லவேண்டும். பாட்டிமார் உடன்பட மாட்டார்கள் என்பதை அறிவோம். எனினும் சொல்வது நம் கடமை. ஆழமான தூளியில் இளங்குழந்தையின் உடல் வளைந்து, மோவாய் மார்பில் முட்டி மூச்சுத் தடைப்படக்கூடும். தலையைத் திருப்பவும் இடமிராது. நீண்ட உறக்கத்திற்குச் சமதளமான, கெட்டியான படுக்கையே ஏற்றது. அதில் தலையணையும் வேண்டாம். தலையை உருண்டையாக்கும் என்று விற்கப்படும் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாமென 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. எண்ணெய்க் குளியலின்போது மண்டையை அழுத்தி உருவேற்றுவதும் வேண்டாம். (மூக்கினுள் எண்ணெய் விடுவது அதனினும் தீது, அதைப் பிறிதோர் இதழில் எழுதுவோம்.)

மேனாடுகளில் இதற்கெனத் தலைக்கவசம் அணிவிப்பதும் உண்டு. ஆனால் நெதர்லாந்தில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், கவசம் அணிந்த குழந்தைகளுக்கும் அணியாதவர்களுக்கும் இரண்டு வயதில் தலையின் வடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பெரும்பொருள் செலவிட எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

குழந்தை எப்பொழுதும் ஒரு பக்கமே தலையைத் திருப்பி, மறுபக்கம் திருப்பினால் அழுமாயின் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். எளிய பயிற்சிகளால் அது தளரும். பொருத்துகளின்மேல் கெட்டியான வரம்பு தட்டுப்பட்டாலோ, தலையின் வளர்ச்சி நின்றதுபோல் தோன்றினாலோ, எலும்புகள் காலத்திற்கு முன்பே ஒட்டிவிட்டனவா என்று மருத்துவர் ஆராய வேண்டும். 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசிக்குச் செல்லும்போதே தொப்பியைக் கழற்றித் தலையையும் காட்டிவிடுங்கள்.